வரிசையில் நிற்கையில் தடைப்பட்ட பணம்

நமது பங்குனியே வங்காளத்தில் சைத்ர மாதம். அது முடிந்து புத்தாண்டு பிறக்கையில் வணிகர்கள் ‘ஹால்கத்தா’ என்னும் புதுக்கணக்கைத் தொடங்குவர். அதற்குமுன் பழைய சரக்கைத் தீர்க்கவே கொல்கத்தாவின் கரியாஹாட், ஹாத்திபாகான் கடைவீதிகளில் சைத்ரத் தள்ளுபடி விற்பனை நடைபெறுகிறது.

நெரிசலில் நெடுநேரம் நின்று நம் முறை வரும்போது யு.பி.ஐ. தடைப்படுவதுண்டு. நம் கணக்கில் பற்று வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரருக்கோ பணம் வந்திராது. பின்னால் நிற்போர் முணுமுணுப்பர். பதற்றத்தில் உடனே மறுமுறை செலுத்திவிடுகிறோம்.

முதலில் செயலியில் பரிவர்த்தனையின் நிலையைக் காணவேண்டும். வெற்றி எனில் பரிவர்த்தனை எண்ணைக் கடைக்காரரிடம் காட்டலாம். நிலுவை எனில் ரொக்கம் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துவோம். பின்னர் அத்தொகை கடையைச் சேர்ந்தாலும் ரசீதைக் காட்டிக் கேட்கலாம்.

வணிகரிடம் உறுதியாகாத தொகை, பரிவர்த்தனை நாளையடுத்த 5 நாட்களுக்குள் தானாகத் திரும்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதனை நாம் கேளாமலே வங்கி வழங்கவேண்டும். வழங்காவிடில் பரிவர்த்தனை எண்ணுடன் கிளையில் முறையிடலாம்.

இவ்விதியை அறிந்திருந்தால், வரிசையில் எவர் அவசரப்படுத்தினும் நாம் பதறவேண்டியதில்லை.