அளவறிந்து எழுதுதல்: அறிவியல் புனைவில் அடியெடுத்து வைப்பவருக்கு



அறிவியல் புனைவு எழுத முற்படுவோர் பலர் முதல் கதையை விண்கலத்திலோ வேற்றுக் கோளிலோ தொடங்கிவிட்டு, அங்குள்ளவர் எதை உண்பர், எதற்காகச் சண்டையிடுவர், ஒருவரையொருவர் எப்படி அழைப்பர் என்பது புலப்படாமல் பாதியில் நின்றுவிடுகின்றனர். கற்பனை வறண்டதால் அப்படி நேர்வதில்லை, கதைக்குள் கொண்டுவந்த புதுமையின் அளவு பிடிபடாததால் நேர்கிறது. இவ்வகை எழுத்தை ஆராய்ந்த டார்கோ சூவின், 1979-இல் வெளிவந்த தம் நூலில், இன்றைய உலகில் இல்லாததும் ஆனால் அறிவுக்குப் பொருந்துவதுமாகக் கதையில் இடம்பெறும் புதுமைக்கு 'நோவம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். சிறுகதைக்கு அத்தகைய புதுமை ஒன்றே போதும். அதற்கு எத்தனை மனிதர் ஆட்படுகின்றனர், எவ்வளவு ஆட்படுகின்றனர் என்று கணக்கிடுவதுதான் எழுத்தாளரின் வேலை.

கவிதையிலும் இதே நெறி செல்லும் என்பதற்குத் தமிழிலேயே நூறாண்டுக்கு முந்தைய சான்று உண்டு. 1910-ஆம் ஆண்டு ஹாலி வால்மீன் பூமியை நெருங்கியபோது, அதன் வாலில் நச்சுவாயு இருப்பதாகப் பல நாடுகளில் அச்சம் பரவிய வேளையில், புதுச்சேரியில் இருந்த பாரதி 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்ற பாடலை எழுதினார். வாலின் பெருநீளம், அதை ஆக்கிய வாயுவின் மென்மை, எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் வழக்கம் ஆகிய வானியல் செய்திகள் அதில் நேராகவே வருகின்றன. ஆயினும் அது பாடநூலாகிவிடவில்லை. சிறுமைக்குத் தினையையும் பெருமைக்குப் பனையையும் சொல்லும் குறள் காலத்து அளவுகோலைப் பாரதி வானத்தில் பொருத்திக் காட்டியதால், கோடிக்கணக்கான யோசனைத் தொலைவு படிப்பவரின் கண்ணுக்கு எட்டிவிடுகிறது. வானத்தின் இயல்பைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள நேர்ந்த நாட்டின் வருத்தமும் அப்பாடலில் உண்டு. எண்ணும் ஏக்கமும் ஒரே மூச்சில் வந்த இந்தப் பாடலை அறிவியல் கவிதை எழுத விரும்புபவர் பலமுறை வாய்விட்டுப் படிப்பது நல்லது. 'அணு', 'அண்டம்', 'ஒளியாண்டு' போன்ற சொற்களை வரிகளில் தூவுவதால் மட்டும் அறிவியல் கவிதை பிறந்துவிடாது என்பது அப்போது விளங்கும்.

சுஜாதா (1935–2008) பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குகொண்ட பொறியாளர் என்றாலும், அவருடைய அறிவியல் கதைகளின் வலிமை கருவி விளக்கத்தில் இல்லை. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் அவர் கற்பித்த அரசு, குடிமக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது என்று விதிக்கிறது. மக்கள்தொகைக் கட்டுப்பாடு, கண்காணிப்பு, ஒற்றை ஆட்சி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கக்கூடியதை அவர் நிலா, ரவி, மனோ, ஜீனோ என்னும் பெயர்களுக்குள் அடக்கிவிட்டதால், ஒருவரையொருவர் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்த அரசின் கை வாசகருக்குத் தெரிகிறது. கதை நடப்பதாக அவர் குறித்த 2020-களின் தொடக்கம் கடந்துபோன பின்னரும் அத்தொடர் படிக்கப்படுவதற்கு, கருவிகள் பலித்தனவா என்ற கேள்வியைவிட இந்தக் கைவண்ணமே காரணம். ஜெயமோகன் 'விசும்பு' தொகுப்பில் வேறு வழியில் சென்று, சித்த மருத்துவம் போன்ற இந்நாட்டு அறிவு மரபுகளிலிருந்து புனைவுக்கான வினாக்களை எடுத்துக்கொண்டார். அந்த வழியில் இன்னும் வெகுதூரம் நடக்க இடமிருக்கிறது.

தென்சென்னையில் வாழும் எழுத்தாளருக்கோ பொருள் வாசலிலேயே கிடக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வற்றியபின், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் ரயில் சென்னைக்கு வந்தது. செய்தியாகப் படிக்கையில் அது பெருவெள்ளமாகத் தோன்றும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வகுத்தாலோ 25,000 பேருக்கு ஒரு நாள் மட்டுமே அது போதும். இந்த வகுத்தலில்தான் கதை தொடங்குகிறது: அந்த 25,000 பேர் யார், தேர்ந்தெடுத்தது யார்? தியாகராய நகர்ச் சந்து ஒன்றில் தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே வரிசையில் நிற்கும் பச்சை, நீல பிளாஸ்டிக் குடங்களில் எதை முதலில் நிரப்புவது என்பதை வீட்டுக்கு வீடு தேவையை அளந்து ஒரு கணிப்பொறி முடிவுசெய்வதாக வைத்துக்கொண்டால், நோவம் அவ்வளவே. குடும்ப அட்டையில் பெயரில்லாத மருமகள், மாடியில் தனியே இருக்கும் முதியவர், மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவதால் லாரி வரும் நேரத்தில் இல்லாதவர் ஆகியோரை அந்தக் கணிப்பொறி எப்படி எண்ணும் என்று கேட்கத் தொடங்கியதும் பாத்திரங்களும் சிக்கலும் உரையாடலும் தாமே வந்து சேரும். அடையாறு கழிமுகமும் மயிலாப்பூருக்கு அடியில் துளைக்கப்படும் மெட்ரோ சுரங்கமும் இப்படிப்பட்ட கணக்குக்காகக் காத்திருப்பவையே. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் (1988) அண்ணா நூற்றாண்டு நூலகமும் (2010) அருகருகே இருக்க, தரவு கிடைக்கவில்லை என்று சொல்ல இந்நகர எழுத்தாளருக்கு வழியில்லை.

வெளியீட்டைப் பொறுத்தவரை, அறிவியல் கதை பெரும்பாலும் குடும்பக் கதைக்கும் காதல் கதைக்கும் நடுவே பொது இதழ்களில்தான் அச்சேற வேண்டியிருக்கிறது என்பதை இளம் எழுத்தாளர் குறையாகக் கருதலாகாது. அறிவியலில் நாட்டமில்லாத வாசகரையும் முதல் பத்தியிலேயே பிடித்து நிறுத்த வேண்டிய கட்டாயம் கைத்திறனை வளர்க்கும். 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, ஆண்டின் பன்னிரண்டையும் தொகுப்பாக்கி வந்தது. அத்தொகுப்புகளைப் படிப்பவருக்கு எந்த வகைக் கதையும் முதலில் கதையாக நின்றாக வேண்டும் என்பது தெளிவாகும். கவிதைத் தொகுப்புக்குக் கவிஞரே பணம் தரும் வழக்கம் பரவலாக இருப்பதால், ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் நூல் வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருபது நல்ல கவிதைகளோடு நாற்பது சுமாரானவற்றைச் சேர்த்து அச்சிடுவதைவிட, ஓராண்டு பொறுப்பது மேல்.

தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ உள்ள பதிப்பகம் ஒன்று தொகுப்பை ஏற்றுக்கொண்டால், வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் ஒப்பந்தம் பெற வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றம், அதாவது படைப்பின்மீதான உரிமையைப் பிறருக்கு அளிப்பது, எழுத்துவடிவில் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது. காலம் குறிக்கப்படாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கும், இடம் குறிக்கப்படாதது இந்திய எல்லைக்குள்ளும் மட்டுமே பொருந்துவதாகக் கொள்ளப்படும். ஆகவே அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றில் எழுத்தாளர் எதை எத்தனை ஆண்டுக்குத் தருகிறார் என்பதைத் தனித்தனியே எழுதச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. குறிப்பாகத் திரை உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் ஆசிரியரிடமே இருக்கும்படி ஒரு வரி சேர்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.