பியானோவும் மோட்டார் சைக்கிளும் பிறந்த ஊர்

கேள்வி: யமஹா என்ற பெயர் பியானோவிலும் இருக்கிறது, மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது. சுசூகியும் ஹோண்டாவும்கூட அதே ஊரில் தொடங்கியவை என்கிறார்கள். இத்தனையும் ஓர் ஊரில் தோன்றியது எப்படி?

பதில்: அந்த ஊரின் பெயர் ஹமாமட்சு. தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் ஏறத்தாழ நடுவே, பசிபிக் கடலை ஒட்டி, ஷிசுவோக்கா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அது அமைந்துள்ளது. கிழக்கே தென்ரியு ஆறு, மேற்கே ஹமனா ஏரி, தெற்கே கடல், வடக்கே அடர்ந்த காட்டு மலைகள் என்பவை அதன் மையப்பகுதியைச் சூழ்ந்துள்ளன. தோக்குகவா இயேயாசு 1570இல் இங்கே கோட்டை கட்டி 17 ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் ஜப்பான் முழுவதையும் ஆண்ட ஷோகன் என்னும் படைத்தலைமை ஆட்சியாளர் மரபை நிறுவியவர் அவரே. அவருடைய வழியினர் ஆண்ட காலத்தில், அவர்களுடைய ஆட்சியிடமான இன்றைய தோக்கியோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்கைதோ பெருவழியின் 53 தங்கல் ஊர்களில் 29ஆவதாக ஹமாமட்சு விளங்கியது. ஆனால் கோட்டையும் பெருவழியும் பல ஊர்களுக்கு வாய்த்தவை என்பதால், அவற்றைக் கொண்டு மட்டும் இந்த ஊரின் தொழில்வளத்தை விளக்கிவிட முடியாது.

விடையைத் தேட வேண்டிய இடம் மரமும் பருத்தியும்தான். தென்ரியு அடிக்கடி வெள்ளப்பெருக்கெடுத்துக் கரையோர ஊர்களை அழித்து வந்த ஆறு. அதை அடக்க வாழ்நாள் முழுவதும் உழைத்த கிம்பாரா மெய்சென் என்பவர், மலையில் மரம் இல்லாவிட்டால் கரை கட்டியும் பயனில்லை என்று உணர்ந்து, 1886 முதல் ஆற்றின் மேற்பகுதியில் சுமார் 30 லட்சம் மரக்கன்றுகளை நடுவித்தார். மலையில் வெட்டிய மரங்கள் ஆற்றில் மிதந்து கீழே வந்தன. அவற்றை அறுக்கவும் இழைக்கவும் மர அறுவை ஆலைகளும் தச்சர்களும் பெருகினர். சமவெளியில் பருத்தி விளைந்ததால் வீடுதோறும் நெசவு நடந்தது. நெசவுக்குத் தறி வேண்டும், அந்நாளில் தறியைச் செய்தவர்களும் தச்சர்களே. பிற்காலத்தில் டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட, ஜப்பானில் விசைத்தறி உருவாக்கிய தொயோதா சாக்கிச்சி, ஹமனா ஏரிக்கு மேற்கிலுள்ள கொசாயில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர் என்பது இந்தப் பின்னணியில் தற்செயலாகத் தோன்றவில்லை.

இத்தகைய ஊருக்கு வந்து சேர்ந்தவர் யமஹா தொராகுசு. கடிகாரமும் மருத்துவக் கருவிகளும் பழுது பார்த்துப் பிழைத்து வந்த அவரை, 1887இல் ஹமாமட்சுவின் தொடக்கப்பள்ளி ஒன்று, காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் ஓர் அமெரிக்க ஆர்கனைச் சீராக்க அழைத்தது. மேலைமுறைப் பாட்டைப் பள்ளிகளில் கற்பிக்க அரசு முனைந்திருந்த காலம் அது. ஆகவே ஆர்கன்களுக்கு நாடெங்கும் தேவை எழப்போகிறது என்பதை உள்ளமைப்பைத் திறந்து பார்த்தபோதே அவர் கணித்துவிட்டார். கவாய் கிசாபுரோ என்ற கைவினைஞரின் துணையோடு அதேபோல் ஒன்றைச் செய்து, தோக்கைதோ ரயில் பாதை முடிவடைந்திராத அந்நாளில், அதைத் தடியில் கட்டித் தோளில் சுமந்து ஹக்கோனே மலைகளைக் கடந்து தோக்கியோவின் இசைக்கல்வி நிறுவனத்துக்குக் கொண்டு சென்றார். வடிவம் சரி, சுருதி சரியில்லை என்று அங்கே தீர்ப்பாயிற்று. அவர் மனம் தளராமல் அங்கேயே தங்கிச் சுருதி முறையைக் கற்று, ஊர் திரும்பி இரண்டாவது ஆர்கனைச் செய்தார், அது ஏற்கப்பட்டது. 1897இல் அவருடைய தொழில் 'நிப்பொன் கக்கி' என்ற, இன்று யமஹா எனப்படும் நிறுவனமாகியது. 1900இல் அங்கே பியானோ செய்யப்பட்டது. சிறுவனாகவே அவரிடம் தொழில் பயின்ற கவாய் கொயிச்சி, 1927இல் பிரிந்து சென்று கவாய் நிறுவனத்தைத் தொடங்கினார்.

பியானோவின் ஒலிப்பலகை, அதாவது கம்பிகளின் அதிர்வை வாங்கிப் பெருக்கித் தரும் மெல்லிய பலகை, தென்ரியு மரத்தால் ஆனதன்று; அதற்குரிய ஸ்ப்ரூஸ் மரம் வடக்கே ஹொக்கைதோவிலிருந்து வந்தது. எனவே ஆறு இந்தத் தொழிலுக்குக் கொடுத்தது மரத்தைவிட மரவேலை அறிந்த கைகளையே என்பதுதான் பொருந்தும். துணிந்து இறங்கிப் பார்க்கும் குணமே ஊரின் வெற்றிக்குக் காரணம் என்று ஹமாமட்சு மக்கள் பெருமையுடன் சொல்வதுண்டு. அந்தக் குணம் உண்மைதான். ஆயினும் இறங்கிய ஒவ்வொருவருக்கும் முந்தைய தொழில் விட்டுச்சென்ற கருவிகளும் தேர்ந்த தொழிலாளர்களும் காத்திருந்தனர்.

இதற்கு யமஹாவே சிறந்த சான்று. மரத்தை அடுக்கடுக்காக ஒட்டி வளைத்துச் செதுக்கும் திறன் இருந்ததால் 1921 முதல் அந்நிறுவனம் விமானங்களுக்கு மர இறக்கைச்சுழலிகள் செய்தது. பின்னர் உலோகச் சுழலிகளுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவற்றை விரைவாகச் செதுக்கும் தானியங்கி இயந்திரத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் ஹோண்டா சொயிச்சிரோ. அவர் தென்ரியு மலைப்பகுதியில் 1906இல் ஒரு கொல்லர் மகனாகப் பிறந்து, ஹமாமட்சுவில் வாகனப் பழுதுப் பட்டறை நடத்தி, எஞ்சினின் பிஸ்டன் வளையங்கள் செய்து வந்தவர். 1945இல் வான்குண்டுகளும் கடற்படைப் பீரங்கிகளும் ஊரைச் சிதைத்தன. போர் முடிந்தபின் சுழலி செய்த இயந்திரங்கள் முடங்கிக் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு நிறுவனத் தலைவர் கவாகாமி கெனிச்சி தந்த விடையே மோட்டார் சைக்கிள். 1955இல் 125 சிசி திறனுள்ள ஒய்ஏ-1 வண்டி விற்பனைக்கு வந்தது; அதே ஆண்டு யமஹா மோட்டார் தனி நிறுவனமாகியது.

ஹோண்டா அதற்கு முன்பே தொடங்கிவிட்டார். ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு எஞ்சின்கள் போருக்குப்பின் கேட்பாரற்றுக் கிடந்தன. 1946இல் அவர் அவற்றை வாங்கிச் சைக்கிளில் பொருத்தி விற்றார். 1948இல் ஹோண்டா நிறுவனம் ஹமாமட்சுவிலேயே பதிவாயிற்று. தலைமையகம் சில ஆண்டுகளில் தோக்கியோவுக்குப் போய்விட்டது.

சுசூகியின் வழி தறியிலிருந்து தொடங்குகிறது. தச்சரிடம் தொழில் கற்ற சுசூகி மிச்சியோ 1909இல் தறிப் பட்டறை அமைத்தார். தென்கிழக்கு ஆசியாவில் உடுத்தும் சாரோங் எனப்படும் கைலித் துணி நெய்வதற்கான அவருடைய தறிகள் கடல் கடந்தும் விலைபோயின. ஆனால் நல்ல தறி எளிதில் தேயாது. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க நெடுங்காலம் ஆகும். இதை உணர்ந்து 1930களிலேயே கார் செய்ய முயன்ற அவரைப் போர் தடுத்தது. போருக்குப்பின் நெசவுத்தொழில் சரிந்தபோது, 1952இல் 36 சிசி எஞ்சின் பொருத்திய சைக்கிளும், 1955இல் சுசூலைட் என்ற சிறிய காரும் வெளிவந்தன. 1980களில் ஓசூரிலிருந்து டிவிஎஸ் கூட்டுறவில் வெளிவந்த இண்ட்-சுசூகி வண்டி இந்த மரபின் கிளையே.

கேள்வி: தொலைக்காட்சியும் ஹமாமட்சுவில்தான் கண்டுபிடிக்கப்பட்டதா?

பதில்: முழுவதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. லண்டனில் ஜான் பெயர்டு 1926 ஜனவரியிலேயே சுழலும் தட்டுகளைக் கொண்டு படம் அனுப்பிக் காட்டிவிட்டார். ஹமாமட்சு உயர் தொழில்நுட்பப் பள்ளியின் ஆசிரியர் தக்கயனாகி கென்ஜிரோ அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, படத்தைப் பெறும் முனையில் எதிர்மின்கதிர்க் குழாயைப் பயன்படுத்தி, ஜப்பானிய எழுத்து ஒன்றைத் திரையில் தோன்றச் செய்தார். அனுப்பும் முனையில் அவரும் சுழல்தட்டையே வைத்திருந்தார். எனினும் பின்னாளில் வீடுகளுக்கு வந்த பெட்டிகள் குழாயின் வழியைத்தான் பின்பற்றின என்பதால், அவருடைய பங்கு உலக வரலாற்றில் உரிய இடம் பெறத்தக்கது. அவருடைய மாணவர் ஹொரியுச்சி ஹெய்ஹச்சிரோ 1953இல் தொடங்கியதே இன்றைய ஹமாமட்சு ஃபோட்டானிக்ஸ். மிக மெல்லிய ஒளியையும் மின்குறியாக மாற்றும் அதன் கண்ணாடிக் குழாய்கள், ஏறத்தாழ 50 செ.மீ. விட்டத்தில் சுமார் 1,000 எண்ணிக்கையில், கமியோக்கா சுரங்கத்தின் நீர்த்தொட்டியில் பொருத்தப்பட்டிருந்தன. வெடித்த ஒரு விண்மீனிலிருந்து 1987இல் வந்து சேர்ந்த நியூட்ரினோத் துகள்களில் 11 அங்கே பதிவாயின. அந்த ஆய்வை வழிநடத்திய கொஷிபா மசதோஷி அதற்காக 2002இல் நோபல் பரிசு பெற்றார்.

கேள்வி: அந்த நகரின் இன்றைய நிலை என்ன?

பதில்: 2005இல் அண்டை ஊர்களும் மலைக் கிராமங்களும் இணைக்கப்பட்டதால் நகர எல்லை சுமார் 1,558 சதுர கிலோமீட்டராக விரிந்தது, மக்கள்தொகை 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஜப்பானில் செய்யப்படும் பியானோக்களில் ஏறத்தாழ அனைத்தும் இந்நகரிலும் இதைச் சூழ்ந்த ஊர்களிலும் உருவாகின்றன.

இன்றைய ஹமாமட்சுவை அறிய விரும்புபவர் தவறாமல் கவனிக்க வேண்டியது அதன் தொழிலாளர்களை. திருத்தப்பட்ட குடிவரவுச் சட்டம் 1990இல் நடைமுறைக்கு வந்து, முன்பு பிரேசிலில் குடியேறிய ஜப்பானியரின் வழித்தோன்றல்கள் இங்கு வந்து வேலை செய்ய வழி பிறந்தது. வாகன உதிரிபாக ஆலைகள் அவர்களைத் திரளாகச் சேர்த்துக்கொண்டன. உச்சத்தில் ஏறத்தாழ 20,000 பிரேசிலியர் வாழ்ந்த இந்நகரில், 2008இன் பொருளாதார நெருக்கடியில் முதலில் வேலை இழந்தவர்களும் அவர்களே. பலர் குடும்பத்தோடு திரும்பிப் போயினர். நாட்டின் தொழிலுக்கு அவர்கள் உழைப்பு வேண்டும், ஆனால் அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்கும் காப்பீட்டுக்கும் பொறுப்பேற்க ஆளில்லை என்ற நிலை நியாயமன்று. இதை மைய அரசிடம் முதலில் எடுத்துரைத்தவை ஹமாமட்சுவும் அதைப் போன்ற நகராட்சிகளும்தான். 2001இல் அவை இங்கே கூடி வெளியிட்ட ஹமாமட்சு அறிக்கை, அயல்நாட்டுக் குழந்தைகளின் கல்வியையும் தொழிலாளர்களின் சமூகக் காப்பீட்டையும் தேசியக் கடமையாக ஏற்க வேண்டும் என்று கோரியது.