பழகும் கையும் வாங்கும் காரும்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்பெறும் விதிகளுள் இரண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. எண்ணும் எழுத்தும் கற்பித்தற்கென ஏற்பட்ட இவ்விதிகள் வாழ்க்கையின் ஏனைய கல்விகட்கும் பொருந்துவன. அக்காலத்தில் குழந்தைக்கு முதலில் சிலேட்டுப் பலகையைத்தான் கொடுத்தோம். எழுதி அழித்துப் பழகிய பின்னரே தாளும், அதன் பின்னரே மைப்பேனாவும் கைக்கு வந்தன. தவறு செய்தால் இழப்பு மிகாத பொருளில் பழகட்டும் என்பதே அம்முறையின் உட்கருத்து.

இன்று நம் இல்லங்களில், படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த பிள்ளைகள் ஆண் பெண் வேறுபாடின்றிக் கார் ஓட்டப் பழகுகின்றனர். பழகத் தொடங்கும்போதே சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்ற விருப்பமும் எழுகின்றது. விருப்பத்தில் குற்றமில்லை. ஆயினும், நிலம், வீடு, திருமணம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் பெருஞ்செலவு இதுவேயாகும். ஆதலால் இம்முறை இதனையே நம் பாடப்பொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

இரு குடும்பங்கள்

நாம் அறிந்த இரு குடும்பங்களை எடுத்துக்காட்டாகக் கூறுவோம். முதற்குடும்பத்தில், மகளுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் தந்தையார், தாயாரின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டினார். எஞ்சிய தொகைக்கு ஏழாண்டுக் கடன் பெற்றுப் பெரிய புதிய காரொன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். அதன் பின்னரே மகள் பழகத் தொடங்கினாள். இரண்டாம் வாரத்தில் தெருமுனைச் சுவரில் கார் உராய்ந்தது. "பார்த்து ஓட்டக் கூடாதாம்மா? அது உங்க அம்மா நகையம்மா" என்று தந்தையார் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதன்பின் அவள் சாவியைத் தொடவில்லை. ஆறு மாதத்தில் பழகுநர் உரிமம் காலாவதியாயிற்று. தவணை மட்டும் மாதந்தோறும் சென்றுகொண்டிருந்தது.

இரண்டாம் குடும்பத்து மகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரிலேயே பழகி, தேர்வெழுதி, உரிமம் பெற்றாள். பிறகு, சில ஆண்டுகள் ஓடிய சிறு கார் ஒன்றைத் தன் சேமிப்புடன் சிறு கடன் சேர்த்து வாங்கினாள். முதல் மூன்று மாதத்தில் பம்பரில் இரண்டு கீறல்கள் விழுந்தன. வீட்டில் எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் ஒரு நள்ளிரவில் பாட்டியாருக்கு மூச்சுத் திணறல் கண்டபோது, மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்றவள் அவளே.

முதலாமவள் திறமையிற் குறைந்தவள் அல்லள். பழகும் பொருளின் விலை அவளுடைய அச்சத்தை வளர்த்துவிட்டது. நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றையே: முதற்கார் அஞ்சாமல் ஓட்டக்கூடிய விலையில் அமைதல் வேண்டும்.

உரிமம் முன்னே, கார் பின்னே

கார் ஓட்டப் பழகுவோர் பதினெட்டு வயது நிறைந்தவராய், எல்.எல்.ஆர். என வழங்கும் பழகுநர் உரிமம் பெற்றவராய் இருத்தல் வேண்டும். இவ்வுரிமம் ஆறு மாதங்கட்குச் செல்லும். இதனைப் பெற்று முப்பது நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குச் செல்லலாம்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் மூன்றாம் விதி மேலும் இரண்டு கூறுகின்றது. பழகுபவர் அருகில், முறையான ஓட்டுநர் உரிமம் உடைய ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பின்புலத்தில் சிவப்பு நிற ‘எல்’ எழுத்து இருத்தல் வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்திலும், பழகுநர் ஓட்டலாம் என்ற அனுமதி இந்த மூன்றாம் விதியைப் பின்பற்றவேண்டும் என்ற நிபந்தனையுடனேயே தரப்படுகின்றது. விதியை மீறித் தனியே ஓட்டிச் சென்று விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நாள்தோறும் அருகில் அமரக்கூடிய, உரிமம் பெற்ற ஒருவர் வீட்டில் இல்லையெனில், உரிமத்திற்கு முன் வாங்கிய கார் முறைப்படி வாசலை விட்டு நகர இயலாது. பயிற்சிப் பள்ளிக் காரில் பயிற்றுநர் பக்கத்திலும் பிரேக்கும் கிளட்சும் உண்டு. எனவே முதல் தவறுகளை அங்கேயே செய்து முடிப்பது அறிவுடைமை.

தவணை ஒத்திகை

பழகும் அந்த ஆறு மாதத்தைப் பணப் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். காருக்கென மாதம் எவ்வளவு செலவாகும் எனக் கணக்கிட்டு, அத்தொகையை வங்கியில் ஆறு மாதத் தொடர் வைப்பில் கட்டி வருக. ஒரு மாதமும் தவறாமல், பிறரிடம் கைநீட்டாமல் கட்ட முடிந்ததாயின் அதுவே உங்கள் அளவு. இரண்டு மாதத்திலேயே மூச்சு முட்டினால் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். இழப்பு ஏதுமில்லை, கட்டியது முன்பணமாக உதவும்.

மாதச் செலவு என்றவுடன் பலர் தவணையை மட்டுமே நினைக்கின்றனர். உண்மையில் அது நான்கு கூறுகள் உடையது: தவணை, எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு. ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டம்; லிட்டருக்கு 15 கிலோமீட்டர்; பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொள்வோம். எரிபொருளுக்கு ஏறத்தாழ 3,300 ரூபாய் ஆகும். ஆண்டுக் காப்பீட்டை மாதத்திற்குப் பகிர்ந்து 800 ரூபாய், சர்வீஸ், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கென ஒதுக்குவது 1,200 ரூபாய் என வைத்துக்கொண்டால், தவணைக்கு முன்பே 5,300 ரூபாய் ஆகிவிடுகின்றது.

காருக்கான மொத்த மாதச் செலவு, கைக்கு வரும் ஊதியத்தில் ஐந்திலொரு பங்கைத் தாண்டாதிருத்தல் நன்று என்பது நம் கருத்து. ஊதியம் 45,000 ரூபாய் எனில் வரம்பு 9,000 ரூபாய். அதில் 5,300 போகத் தவணைக்கு எஞ்சுவது 3,700 ரூபாய். பன்னிரண்டு விழுக்காட்டு வட்டியில் மூன்றாண்டுக்கு ஒரு இலட்சம் கடன் பெற்றால் தவணை 3,321 ரூபாய். ஆக, சேமிப்பு 1,80,000 ரூபாய் உடையவர்க்கு ஏற்ற கார் 2,80,000 ரூபாய் அளவினது. இவ்வாறு வருமானத்திலிருந்து காரை நோக்கிக் கணக்கு நடத்தல் வேண்டும். காரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு வருமானத்தை அதற்கேற்ப இழுக்க முயல்வதே துன்பத்தின் தொடக்கம்.

கடனின் கணக்கு

தவணை சிறிதாகத் தோன்றுவதற்காகக் காலத்தை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. ஐந்து இலட்சம் ரூபாய் கடன், ஒன்பது விழுக்காடு வட்டி என வைத்துப் பார்ப்போம்.

மூன்றாண்டு: தவணை 15,900 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 72,400 ரூபாய்.
ஐந்தாண்டு: தவணை 10,379 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 1,22,750 ரூபாய்.
ஏழாண்டு: தவணை 8,045 ரூபாய்; மொத்த வட்டி ஏறத்தாழ 1,75,750 ரூபாய்.

தவணை பாதியளவாகக் குறைய, வட்டியோ இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகின்றது. அதற்குள் காரின் மதிப்பும் தேய்கின்றது. காப்பீட்டுக் கணக்கிலேயே நான்கு ஆண்டு கடந்து ஐந்தாம் ஆண்டில் இருக்கும் காரின் மதிப்பைப் பாதியாகக் கழிப்பது வழக்கம். கடன் எஞ்சியிருக்கப் பொருள் தேய்ந்துவிடும் நிலை, நீண்ட கடனில் எளிதில் நேரும்.

மற்றொன்று, ‘பிளாட் ரேட்’ எனப்படும் வட்டி. கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே இறுதிவரை வட்டி கணக்கிடும் முறை இது. அதே ஐந்து இலட்சத்திற்கு ஐந்தாண்டுக்கு ஒன்பது விழுக்காடு இம்முறையில் 2,25,000 ரூபாய் வட்டியாகும். குறையும் அசல் முறையில் கூறினால் இது 15.7 விழுக்காட்டுக்கு ஒப்பாகும். ஒன்பது என்ற எண் ஒன்றே, பொருள் வேறு. 2024 அக்டோபர் 1 முதல், கடனின் உண்மையான ஆண்டுச் செலவு விகிதத்தையும் கட்டணங்களையும் காட்டும் முக்கிய விவரத் தாளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் பெறுவோர்க்குத் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது. அத்தாளைக் கேட்டு வாங்கி, வீட்டிற்கு எடுத்துவந்து படித்த பின்னரே கையொப்பமிடுக. முன்கூட்டியே கடனை அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் பெறுக.

புதியதா, பழையதா?

புதிய கார் வாங்குவோர் ஷோரூம் விலையையும் ஆன்ரோடு விலையையும் பிரித்தறிதல் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. நீளம் நான்கு மீட்டருக்கும் பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கும் மேற்படாதவை இவ்வகையின. ஆயினும் அதன்மேல் வாழ்நாள் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியன சேரும். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுத்தல் வேண்டும். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீட் உறை, பாய் போன்ற துணைப் பொருள்களும் அவ்வாறே.

பழைய கார் வாங்குவோர் தயாரிப்பு ஆண்டை நோக்குதல் வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் ஏர்பேக், பின்புற பார்க்கிங் சென்சார், சீட் பெல்ட் எச்சரிக்கை ஆகியன 2019 ஜூலை முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. முன் இருக்கைகள் இரண்டிற்கும் ஏர்பேக் 2022 முதல் எல்லாப் புதிய கார்களிலும் உண்டு. விலை சற்றுக் கூடினும் இவற்றை உடைய காரைத் தெரிந்தெடுத்தல் நலம். இதில் மட்டும் சிக்கனம் வேண்டா.

மேலும் கவனிக்க வேண்டுவன:

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுதல் நன்று.

டயரின் பக்கத்தில் நான்கிலக்க எண் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் படிவமும் பெற்று அதனை நீக்கச் செய்க.

29, 30-ஆம் படிவங்களைக் கொடுத்துப் பெயர் மாற்றத்தை உடனே முடித்துவிடுக. பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்துக்குப் பொறுப்பாவார் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. காப்பீட்டைப் பதினான்கு நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும்.

புதியதாயினும் பழையதாயினும், வாங்குமுன் உங்கள் தெருவின் அகலத்தையும் நிறுத்துமிடத்தையும் அளந்து பார்க்க மறவாதீர்கள். ஆரணி, வந்தவாசிப் பக்கத்து ஊர்த் தெருக்களில் நீளமான காரைத் திருப்புவது தேர்ந்தவர்க்கே அரிது.

கீறலும் காப்பீடும்

பழகும் கையில் கீறல் விழும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரணக் காப்பீட்டில் பாதி விலையே கிடைக்கும். இழப்பீடு கோராத முதலாண்டுக்குப் பின் சொந்தச் சேதக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. தொடர்ந்து கோராதிருந்தால் அது 50 விழுக்காடு வரை உயரும். சிறு கீறலுக்கு இழப்பீடு கோரினால் அத்தள்ளுபடி போய்விடும். ஆதலின் சிறு கீறல்களை அப்படியே விட்டுவைத்து, பெருஞ்சேதத்திற்கே காப்பீட்டை நாடுதல் ஏற்றது. பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: முதலாண்டுக் கீறல்களைப் பயிற்சிக் கட்டணமாகக் கருதுக. சிலேட்டில் தவறாக எழுதிய குழந்தையை நாம் கடிந்துகொண்டதில்லை.

வீட்டுப் பயிற்சி

கீழ்க்காணும் வினாக்களுக்கு, வாங்கும் பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து எழுத்தில் விடை காண்க.

1. நம் ஊதியத்தில் ஐந்திலொரு பங்கு எவ்வளவு? அதில் தவணை நீங்கலான செலவு போக எஞ்சுவது எவ்வளவு?
2. அத்தொகையை ஆறு மாதம் தவறாமல் கட்டிப் பார்த்தோமா?
3. நாலரை இலட்சம் ரூபாய் கடனுக்கு ஐந்தாண்டு ‘பிளாட்’ வட்டி எட்டு விழுக்காடு எனில் மொத்த வட்டி யாது? (விடை: 1,80,000 ரூபாய்)
4. உரிமம் கைக்கு வந்துவிட்டதா? இல்லையெனில் அருகில் அமரப்போகும் உரிமதாரர் யார்?
5. இந்தக் காரில் நாளையே ஒரு கீறல் விழுந்தால், வீட்டில் யார் என்ன சொல்வர்?

ஐந்தாம் வினாவுக்கு அமைதியான விடை கிடைக்குமாயின், அதுவே நீங்கள் வாங்கத்தக்க கார்.