ஆஸ்திரேலியாவில் ஆங்கிலம் படிக்கப் பணம் கட்டும் முன்



மாட்டுக் கடன், கடைக் கடன் போல இப்போது குழுவில் இன்னொரு கடனும் கேட்கிறார்கள். "பையன் ஆஸ்திரேலியா போறான், முதல்ல அங்க ஆங்கிலம் படிக்கணுமாம்" என்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்டும் பணம் ஆச்சே. அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வெளிநாட்டு மாணவர்களைப் பாதுகாக்க ஆஸ்திரேலியா 2000-ல் ஒரு சட்டம் போட்டது. மாணவர் விசாவில் வருபவர்களைச் சேர்க்கும் கல்லூரி 'கிரைகோஸ்' என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். நம்ம ரேஷன் கார்டுக்கு எண் இருப்பது போல கல்லூரிக்கு ஓர் எண், ஒவ்வொரு படிப்புக்கும் தனி எண் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குங்க. இணையத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். சில கல்லூரிகள் 'நியாஸ்' முத்திரையைக் காட்டும். அது தரத்துக்கு அடையாளம்தான், ஆனால் கல்லூரி தானாக விரும்பி வாங்குவது. பதிவேட்டு எண்ணுக்கு ஈடாகாது. வாரம் 20 மணி நேரம் நேரடி வகுப்பு, ஒரு வகுப்பில் 18 பேருக்கு மேல் கூடாது என்பதும் விதி.

2009, 2010-ல் அங்கே பல தனியார் கல்லூரிகள் மூடப்பட்டன. நம் நாட்டுப் பிள்ளைகளும் நடுவழியில் நின்றார்கள். அதன் பிறகு 2012-ல் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. கல்லூரி மூடினால் 14 நாளுக்குள் அதுவே வேறு இடம் தரணும், அல்லது மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தரணும். தராவிட்டால் இந்தத் திட்டம் பொறுப்பேற்கும்.

விசா கிடைக்காமல் படிப்பில் சேர முடியாவிட்டால்? கல்லூரிக்குக் கட்டியதில் 5 சதவீதம் அல்லது 500 டாலர், எது குறைவோ அதைத்தான் பிடிக்கலாம். 6,000 டாலர் கட்டியிருந்தால் 300 போக 5,700 திரும்ப வரும். 15,000 கட்டியிருந்தால் 5 சதவீதம் 750 ஆகும், ஆனாலும் 500-க்கு மேல் பிடிக்க முடியாது. "விசா வரலைன்னா ஒண்ணும் திரும்பாது" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் ஏஜெண்டுக்குத் தனியாகக் கொடுத்த பணம், விமான டிக்கெட், விசா மனுக் கட்டணம் எதுவும் இந்தப் பாதுகாப்பில் வராது. அதனால்தான் கல்லூரியின் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்கச் சொல்கிறோம். பத்து ரூபாய் சேமிப்புக்கே பாஸ்புக்கில் பதிவு கேட்கிறவர்கள் நாம்! எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கல்லூரி பணம் வாங்கக் கூடாது. தன் ஏஜெண்டுகளின் பெயரைக் கல்லூரி தன் இணையதளத்தில் போட வேண்டும். நம்ம ஆள் அதில் இருக்கிறாரா என்று பாருங்க.

தகராறு வந்தால் முதலில் கல்லூரியிடம் எழுத்தில் புகார் தரணும். தீராவிட்டால், தனியார் கல்லூரி என்றால் வெளிநாட்டு மாணவர் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு கிடையாது.

இதற்குக் கடன் கொடுக்கும் குழுக்கள் ஒப்பந்த நகலைப் பார்த்து, கல்லூரி எண், படிப்பு எண் இரண்டையும் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு பணம் கொடுக்கவும்.