கொல்லிமலை வளைவுகளும் சாட்டிலைட் கடிகாரமும்

செம்மேடு டீக்கடையில் உட்கார்ந்து, சிம் கார்டு இல்லாத என் பழைய மொபைலில் மேப்பைத் திறந்தேன். வீட்டிலேயே டவுன்லோட் செய்து வைத்த மேப். நீலப் புள்ளி சரியாகச் செம்மேட்டில் நின்றது. "சிம்மே இல்ல, எப்படி சார் இடம் காட்டுது?" என்றார் கடைக்காரர்.

ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகள் தங்கள் அணுக் கடிகார நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது 4 சாட்டிலைட்டுகளின் சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு மொபைல் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரம் 1 மைக்ரோ செகண்ட் பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும்.

இங்கேதான் ஒரு புதிர். ஓடும் கடிகாரம் மெதுவாகும் என்றார் ஐன்ஸ்டீன் (1905). ராக்கெட்டில் வேகமாகப் போய்த் திரும்பும் இரட்டையருள் ஒருவர், வீட்டிலிருந்தவரைவிட இளமையாக இருப்பார். ஆனால் ராக்கெட்டில் இருப்பவருக்கு நாம்தானே ஓடுகிறோம்? அப்படியானால் யார் இளையவர்?

கல்லூரியில் இதன் விடையை மார்க்குக்காக மனப்பாடம் செய்தேன். புரிந்தது இந்த மலைப் பாதையில்தான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பைக் அதிக கிலோமீட்டர் காட்டும். குறுக்கே ஒற்றையடிப் பாதையில் நடந்து வருபவருக்குத் தூரம் குறைவு. இரண்டு அளவும் சரிதான். பாதைதான் வேறு. கடிகாரமும் அப்படி ஒரு மீட்டர்தான். அவரவர் பாதையில் கழிந்த நேரத்தை அளக்கிறது. ஒரே வித்தியாசம்: சாலையில் வளைந்து வந்தால் தூரம் கூடும். காலக் கணக்கில், போய்த் திரும்பியவருக்கு நேரம் குறையும். திரும்பியவர் ராக்கெட்காரர். எனவே அவரே இளையவர்.

சாட்டிலைட்டுக்கு வருவோம். விநாடிக்குச் சுமார் 3.9 கிலோமீட்டர் வேகத்தால் அதன் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ செகண்ட் பின்தங்கும். உயரத்தில் புவியீர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ செகண்ட் முந்தும். இது ஐன்ஸ்டீனின் 1915-ம் ஆண்டுக் கொள்கை. மொத்தத்தில் 38 முந்தும். சரிசெய்யாவிட்டால் தூரக் கணக்கு ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தவறும். அதனால் 10.23 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை, ஏவும் முன்பே 10.22999999543 என்று துளி குறைத்து வைக்கிறார்கள்.

நீங்களும் மேப்பை டவுன்லோட் செய்து, சிம்மைக் கழற்றி, திறந்தவெளியில் நின்று பாருங்கள். முதல் முறை சில நிமிடங்கள் ஆகலாம். பொறுத்திருங்கள், நீலப் புள்ளி வரும்.