பெயரும் பெருங்கூட்டமும்

மாணவர்களே! தீபாவளிக்கு முன்னர்ச் சிவகாசிக் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பட்டாசு வாங்க வருவோர் பெட்டியின்மேல் ஒட்டிய வண்ணப் படத்தையே முதலிற் காண்கின்றனர். உள்ளிருக்கும் மருந்தின் தரத்தைக் கொளுத்திப் பார்த்தாலன்றி அறிய இயலாது. படமோ கண்டவுடன் மனத்தைக் கவர்கின்றது. பல்லாண்டு நன்றாக வெடித்த பட்டாசின் படம் மக்கள் உள்ளத்திற் பதிந்துவிடின், அதுவே அவ்வாணிகத்திற்கு முதலாகிறது. புதியவன் ஒருவன் அதனினும் சிறந்த பட்டாசு செய்யினும், அவன் பெட்டி கடையின் மூலையிற் கிடத்தல் உண்டு.

விளையாட்டுலகிலும் இத்தகைய நிலை உண்டு. ஆட்டக்குழு ஒன்றிற்கு இருவகைச் செல்வம் உண்டு. களத்தில் ஈட்டும் வெற்றி ஒன்று; பழம்பெயரும் அதனைப் பின்பற்றும் மக்கள் திரளும் மற்றொன்று. போட்டி நடத்துவோர் குழுக்களைத் தெரிந்தெடுக்குங்கால் இவற்றுள் எதனை மதிப்பர்?

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகள் ஆடும் கால்பந்தாட்டத்தில் ‘பவுல்’ எனப்படும் ஆண்டிறுதிப் போட்டிகள் உள்ளன. அவற்றுள் முதலாவது 1902-ஆம் ஆண்டு பாசடீனா நகரில் நடைபெற்றது. குளிர்காலத்தில் வெளியூர் மக்களைத் தம் நகருக்கு வருவிப்பதே இப்போட்டிகளை நடத்துவோரின் நோக்கங்களுள் ஒன்று. ஆதலின், தன்னுடன் பெருந்திரளை அழைத்துவந்து விடுதிகளையும் கடைகளையும் நிரப்பவல்ல குழுவையே அவர்கள் விரும்பி அழைத்தனர். வெற்றி மிகுந்த சிறு கல்லூரி வீட்டிலிருக்க, வெற்றி குறைந்த பெருங்கல்லூரி விருந்திற்குச் செல்லுதலும் நேர்ந்தது.

இது தொலைநாட்டுச் செய்தியன்றோ என்று எண்ணாதீர்கள். நம் தமிழ்நாட்டுக் குழுவொன்றும் இதனை ஒத்த நிலையை எய்தியது.

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் முன்னோடிகளாகிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் தொழில் கற்கச் சென்ற நகரம் கல்கத்தா. அந்நகரமே நம் நாட்டுக் கால்பந்தாட்டத்திற்கும் தாயகம் போன்றது. 1889-இல் தோன்றிய மோகன் பகான் குழுவினர், 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலப் படைப்பிரிவின் குழுவொன்றை வென்று கேடயம் பெற்றனர். அவ்வெற்றியை நாடே தன் வெற்றியாகக் கொண்டாடியது. 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் அவர்களுக்கு இணையான போட்டிக் குழுவாயிற்று. 1997-இல் இவ்விரு குழுவும் மோதிய ஓர் ஆட்டத்தைக் காண 1,30,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர்!

இனிக் கோவைக்கு வருவோம். சென்னை சிட்டி என்னும் குழு அந்நகர் நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு, 2018-19 பருவத்தில் ‘ஐ-லீக்’ போட்டியில் ஆடியது. 2019 மார்ச் 9-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று, 43 புள்ளிகளுடன் முதலிடம் எய்தியது. ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42. ஒரே புள்ளி வேறுபாடு!

ஆயினும், அவ்வாண்டிலேயே நாட்டின் தலையாய போட்டி என்னும் நிலை, 2014-இல் தொடங்கிய ‘இந்தியன் சூப்பர் லீக்’கிற்குச் சென்றது. அதனுள் நுழைய அந்நாளில் வெற்றி மட்டும் போதாது, பெரும்பொருளும் வேண்டும். பொருள் படைத்தோரை ஈர்ப்பனவோ பெயரும் கூட்டமும். 2020-இல் மோகன் பகான் மற்றொரு குழுவுடன் இணைந்து உள்ளே சென்றது. ஈஸ்ட் பெங்காலும் சென்றது. முன்னாண்டில் முதலிடம் பெற்ற கோவைக் களத்துக் குழுவோ வெளியே நின்றது.

இது முறையா? ஆய்ந்து பார்ப்போம். மக்கள் திரள் என்பது வெறும் ஆரவாரமன்று. நூறாண்டு உழைப்பின் விளைவு அது. காண்பாரற்ற களத்தில் ஆட்டம் நெடுநாள் வாழாது. ஆடுவோர்க்கு ஊதியமும் கிட்டாது. ஆதலின் கூட்டத்தை மதித்தல் குற்றமன்று. ஆனால், வென்றவனுக்கு வழி அடைபட்டிருப்பின், சாத்தூரின் கரிசல் மண்ணில் மாலைதோறும் பந்து பயிலும் சிறுவன் எதனை நம்பிப் பயில்வான்? அவனுக்கு முன்னோர் விட்டுச்சென்ற பெயரில்லை, பின்தொடரும் கூட்டமுமில்லை. அவன் கால்களே அவன் செல்வம்.

பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நினைமின். ஊர் வாரியத்திற்குத் தகுதியுடையார் யாவர், தகுதியற்றார் யாவர் என்பதை முன்னரே வகுத்து, யாவரும் காணக் கல்லிற் பொறித்து வைத்தனர். குடத்தில் ஓலையிடுதல் அதன் பின்னரே. தேர்வுக்கு உயிர்நாடி இதுவே: விதி முன்னே அறியப்படல் வேண்டும், அவ்விதியில் திறமைக்கும் ஒரு வாயில் இருத்தல் வேண்டும்.

அவ்வாயில் பின்னர்த் திறந்தது. ஐ-லீக்கில் முதலிடம் பெறும் குழு மேற்போட்டிக்கு உயரலாம் என்னும் விதிப்படி, 2023-இல் பஞ்சாபுக் குழு வெற்றி ஒன்றினாலேயே உள்ளே சென்றது. ஆனால், அக்காலத்தில் சென்னை சிட்டி அப்போட்டியிலேயே இல்லை. நீதி காலந்தாழ்த்து வரின், அதற்குரியவன் அதனைப் பெற அங்கே இருப்பதில்லை.

மாணவர்களே! உங்கள் பள்ளிக் குழுவிற்கோ மன்றத்திற்கோ ஒருவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு நாளை உங்களுக்கும் வரும். அப்பொழுது பெட்டியின் மேலுள்ள படத்தைப் பாருங்கள், தவறில்லை. உள்ளிருக்கும் மருந்தையும் மறவாது பாருங்கள்.