பரிசம் மாறினால்

அன்புள்ள தம்பி,

ஆப்பிரிக்காவின் சிறுமொழிகளை ஆங்கிலமும் பிரெஞ்சும் விழுங்கிவிட்டன என்று உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். ஊரே இப்படித்தான் எழுதுகிறது. எரிச்சலில்தான் இந்தக் கடிதம். அங்கே தாய்மொழியை விட்டவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது அண்டை அயல் மொழிக்கு: சுவாஹிலி, ஹவுசா, வொலோஃப், மாசாய்.

கென்யா மலைக்கு வடக்கே முகொகொடோ காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்தவர்கள் யாக்கு என்ற மொழி பேசினார்கள். பெண்ணுக்குப் பரிசம் தேன்கூடுகள்தான். பிரிட்டிஷ் ஆட்சி நிலங்களைக் கலைத்துப் போட்டதில், 1920களில் மாசாய் பேசும் மேய்ச்சல்காரர்கள் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஆடு மாடு கொடுத்துப் பெண் கேட்டார்கள். எந்தத் தகப்பன் வேண்டாமென்பான்? ஆனால் தன் மகனுக்குப் பெண் தேடும்போது தேன்கூட்டை யாரும் சீந்தவில்லை. மாடு சேர்த்தாக வேண்டும். மாடு சேர்க்க மாசாய்களோடு பழக வேண்டும். ஒரு தலைமுறைக்குள் பிள்ளைகள் மாசாய் பேசினார்கள். தடைச்சட்டமும் இல்லை, பள்ளிக்கூடப் பிரம்படியும் இல்லை. லீ குரோங்க் என்ற மானிடவியலாளர் 2004இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். மொழிச் செய்திக்காக அதை எடுத்த நான், அதிலுள்ள கல்யாணக் கணக்குகளிலேயே மூழ்கிப்போனேன்.

'ஆயிரம் பேர் பேசும் மொழி எப்படிப் பிழைக்கும்?' என்று கேட்டாய் அல்லவா? டான்சானியாவில் எயாசி ஏரிக்கரை ஹட்சாக்களைப் பார். அவர்களும் தேன் தின்னிகள்தான். ஏறக்குறைய ஆயிரம் பேர். இன்றும் குழந்தைகள் ஹட்சா பேசுகிறார்கள். மாடுகளுக்கு நோய் பரப்பும் செட்சே ஈக்கு அஞ்சி மாட்டுக்காரர்கள் நெடுங்காலம் அந்தப் புதர்க்காட்டில் தங்கவில்லை. பெண் கட்ட மாட்டு மந்தையும் வேண்டாம். மாப்பிள்ளை பெரும்பாலும் மாமியார் இருக்கும் முகாமோடு ஒட்டிக்கொள்வான். 1960களில் அரசு அவர்களைக் குடியமர்த்தியது. நோய் வந்து பலர் செத்ததும் மற்றவர்கள் காட்டுக்கே திரும்பினார்கள்.

எல்லாவற்றுக்கும் பரிசத்தையே காரணம் சொல்லாதே என்பாய். சரி. தென்னாப்பிரிக்காவின் நூ மொழிக்காரர்கள் நிலமிழந்து, வெள்ளையர் பண்ணைகளில் கூலிகளாகச் சிதறி, ஆஃப்ரிகான்ஸுக்குப் போனார்கள். அங்கே பரிசத்துக்கு வேலையில்லை. ஆனாலும் சிதறிய பிறகு யார் யாரைக் கட்டினார்கள், வீட்டில் எந்த மொழி பேசினார்கள் என்று கேட்காமல் நான் விடமாட்டேன்.

2011இல் ஹட்சாக்களுக்குக் கொஞ்சம் நிலத்துக்குப் பட்டா கிடைத்தது. அவர்கள் பகுதியைச் சுற்றி இப்போது வெங்காய வயல்களும் மாட்டுப் பட்டிகளும் நெருங்குகின்றன. கட்டுரையைத் திருத்தும்போது அதிலுள்ள பேசுவோர் எண்ணிக்கைப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கே யார் வீட்டுப் பெண் எங்கே வாழப்போகிறாள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியன்